வளவு வீட்டில் ஆறு ஆண்டு வைஃபை

செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் 2019-ஆம் ஆண்டு ஆவணி மாதம் ஃபைபர் இணைப்பும் ஒரு ரவுட்டரும் நான்கு வைஃபை கேமராக்களும் பொருத்தினோம். ஒன்பது புள்ளிக்கு, அதாவது ஒன்பது பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் இருப்பவர் காவல்காரர் ஒருவர்தான். பங்காளிகள் சென்னை, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பிரிந்து கிடக்க, காரைக்குடியில் இருக்கும் ஒரே காரணத்தால் பராமரிப்பு என் தலையில் வந்து சேர்ந்தது. ஆளில்லாத வீட்டின் நிலைக்கதவும் தூணும் பெயர்ந்து பழம்பொருள் கடைக்குப் போய்விடுமோ என்ற அச்சம் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் உண்டு. கேமரா வைத்தது அதற்காகத்தான்.

படத்தின் தெளிவிலும் இரவுப் பார்வையிலும் ஆறு ஆண்டாகக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முகப்பில் வைத்த ரவுட்டரின் அலை, சுண்ணாம்புச் சுவர்களின் கனத்தில் இரண்டாங்கட்டோடு நின்றுவிட்டதால் அங்கே அலையை நீட்டித்துத் தரும் ஓர் எக்ஸ்டெண்டரையும் சேர்க்க வேண்டியிருந்தது. நான் எழுத வந்தது இவற்றின் பூட்டைப் பற்றி.

முதல் கடவுச்சொல் என் கைபேசி எண். பொருத்த வந்த இளைஞர், "மறக்காது சார்" என்று சொல்லி அதையே போட்டார். வீட்டைச் சுற்றிப் பார்க்க வரும் வெளியூர்க்காரர்களுக்காக அதே எண்ணை முகப்புப் பலகையில் எழுதி வைத்திருந்தோம் என்பது இருவருக்கும் அப்போது தோன்றவில்லை. பலகை இல்லாவிட்டாலும் அது நல்ல பூட்டன்று. வைஃபையைப் பூட்டும் டபிள்யூ.பி.ஏ. 2 முறையில், ஒரு கருவி ரவுட்டரோடு இணையும்போது கடவுச்சொல்லைச் சரிபார்க்க இரண்டும் செய்திகளைப் பரிமாறிக்கொள்ளும் 'கைகுலுக்கலை'த் தெருவில் நின்றபடியே பதிவுசெய்து கொண்டு போய், வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கடவுச்சொல்லாகப் பொருத்திப் பார்க்கலாம். அதற்கு எங்கள் ரவுட்டரை மீண்டும் தொடவே வேண்டாம். நம் கைபேசி எண்களைப் போல ஆறு முதல் ஒன்பது வரையுள்ள இலக்கங்களில் தொடங்கும் பத்திலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. நொடிக்குப் பத்து லட்சத்துக்கு மேல் சோதிக்கும் கிராஃபிக்ஸ் அட்டை கடையிலேயே கிடைக்கிற காலத்தில், அத்தனையையும் பார்த்து முடிக்க ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

ஆனால் எங்கள் வீட்டில் அவ்வளவு சிரமத்துக்கு யாருக்கும் தேவையே ஏற்படவில்லை. 2022-இல் நடந்த ஓர் அறுபதாம் கல்யாணத்தின்போது, வந்தவர்கள் எல்லோரும் கடவுச்சொல் கேட்கிறார்கள் என்று தம்பி மகன் ஒருவன் அதை நாள்காட்டி அட்டையின் பின்புறத்தில் பெரிதாக எழுதிப் பட்டாலைத் தூணில் கட்டிவிட்டான். மூன்று மாதம் கழித்துப் பொங்கலுக்குப் போனபோதும் அட்டை அதே தூணில் தொங்கிக்கொண்டிருந்தது. அன்று முதன்முறையாக ரவுட்டரின் உள்பக்கத்தைத் திறந்து பார்த்தேன். பழைய இணைப்புகளின் பட்டியலில் 71 கருவிகள். சமையல் ஆட்கள், பந்தல்காரர், மேளக்காரர் என்று பாதிக்கு மேல் யாருடையவை என்று ஊகிக்க முடிந்தது. அவர்கள்மீது எனக்கு ஐயமில்லை. ஒரு கடவுச்சொல்லை எழுபது பேருக்குக் கொடுத்தபின் ஒருவரிடமிருந்து மட்டும் அதைத் திரும்ப வாங்க வழியில்லை. மாற்றினால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் கேமராக்களும் அறுந்துவிடும், ஒவ்வொன்றுக்கும் ஏணி வைத்து ஏற வேண்டும். அந்தச் சோம்பலில் மேலும் பல மாதங்கள் ஓடின.

2023 புரட்டாசியில் ஒரு நாள் இரவு கோலாலம்பூரிலிருந்து ஆச்சி அழைத்தார்கள். "தம்பி, வளவுக் கேமராவ யாரோ திருப்புறாக" என்றார்கள். செயலியைத் திறந்தேன், தானியம் காயப்போடும் இடத்தைப் பார்த்திருந்த கேமரா மெல்லத் திரும்பி, மேல்மாடிக் கைப்பிடியைப் பார்த்து, மீண்டும் இறங்கியது. கை நடுங்கியது என்பதை மறைப்பதற்கில்லை. இரண்டு மணி நேரம் கழித்துத் தெரிந்தது, சிங்கப்பூரில் பேரன் ஒருவன் தாத்தாவின் கைபேசியில் விளையாடிக்கொண்டிருந்தான் என்பது. ஒன்பது புள்ளிக்கும் ஒரே கணக்கு, ஒரே கடவுச்சொல். யார் திருப்பினார்கள் என்று அந்தச் செயலியால் சொல்ல முடியாது.

ஆளுக்கொரு கணக்குப் பிரித்துவிடலாம் என்று மறுநாள் உட்கார்ந்தபோதுதான் உண்மையான ஓட்டை கண்ணில் பட்டது. கேமராக்களின் 'உரிமையாளர்' என்று செயலியில் இருந்தது நாங்கள் அல்ல, பொருத்திக் கொடுத்த இளைஞர். நாங்கள் அனைவரும் அவர் பகிர்ந்த விருந்தாளிகள். அவரோ கடையைவிட்டு நின்று திருப்பூருக்குப் போய் இரண்டாண்டு ஆகியிருந்தது. தொலைபேசியில் பிடித்தேன், நல்ல பையன், வருந்தி, அன்று மாலையே உரிமையை மாற்றிக் கொடுத்தார். நான்கு ஆண்டுகள் எங்கள் வளவு அவர் கைபேசிக்குள் இருந்திருக்கிறது. பார்த்தாரா என்று நான் கேட்கவில்லை. கடையில் கேட்டபோது, "எல்லா வீட்டுக்கும் இப்படித்தான் சார் போட்டுக் கொடுப்போம், சர்வீஸுக்குச் சுலபம்" என்றார்கள். கேமரா வைத்திருப்பவர்கள் இதைப் படித்து முடிக்கும்முன் செயலியின் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கிளறினேன். ரவுட்டரில் டபிள்யூ.பி.எஸ். திறந்தே இருந்தது. பொத்தானை அழுத்தியோ எட்டிலக்க எண்ணைக் கொடுத்தோ இணையும் அந்த வசதியில், ரவுட்டர் எண்ணை இரு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடப்படுவது. ஆகவே பத்துக் கோடி முயற்சி தேவைப்பட வேண்டிய இடத்தில் அதிகம் போனால் 11,000 முயற்சி போதும் என்று 2011-இலேயே ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் காட்டிவிட்டார். அணைத்தேன். எக்ஸ்டெண்டரின் நிலை இன்னும் மோசம்: பொருத்தும்போது தற்காலிகமாகத் திறந்த அதன் சொந்த வைஃபை, கடவுச்சொல்லே இல்லாமல் நான்கு ஆண்டாக ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்த மென்பொருளின் தேதி 2016. மாத்தி வான்ஹோஃப் என்ற ஆய்வாளர் டபிள்யூ.பி.ஏ. 2-இன் கைகுலுக்கலில் கண்டுபிடித்த 'கிராக்' குறை வெளியானது 2017-இல். ரவுட்டரோடு போய் இணையும் கருவிகளில்தான் அதற்கு முக்கியமாகத் திருத்தம் வேண்டும். எக்ஸ்டெண்டரும் அப்படி இணைவதுதான், ஆனால் தயாரித்தவர்கள் அதற்குத் திருத்தம் எதுவும் தரவில்லை. கழற்றிப் பரணில் போட்டேன்.

இப்போது புதிய ரவுட்டரில் மூன்று வைஃபை: கேமராக்களுக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. விருந்தினருடையதை ஒவ்வொரு விசேஷம் முடிந்ததும் மாற்றுகிறேன், ஏணி வேண்டியதில்லை. எங்களுடையதை அடுத்த தலைமுறைப் பூட்டு முறையான டபிள்யூ.பி.ஏ. 3-க்கு மாற்றினேன், அதில் தெருவில் பதிவுசெய்துபோய் வீட்டில் சோதிக்கும் வேலை நடக்காது. பழைய கேமராக்களுக்கு அது புரியவில்லை. எனவே அவை மட்டும் பழைய முறையிலேயே, நான்கு பழஞ்சொற்களைக் கோத்த நீண்ட கடவுச்சொல்லோடு தனியே கிடக்கின்றன.

கடவுச்சொல்லால் தீராத ஒன்றும் உண்டு. 'இணைப்பைத் துண்டித்துக்கொள்' என்று ரவுட்டர் அனுப்பும் செய்தியைப் பழைய கருவிகள் சரிபார்க்காமல் நம்பிவிடும். ரவுட்டரின் பெயரில் அதை யாரும் அனுப்பலாம், கடவுச்சொல் தெரிந்திருக்கத் தேவையில்லை. அனுப்பிக்கொண்டே இருக்கும்வரை கேமரா குருடு. திருட வருபவனைப் பார்க்க வைத்த கருவியை அவனே தெருவிலிருந்து நிறுத்திவிடலாம் என்றால் வாசலுக்கு வைஃபை கேமரா பொருந்தாது என்பது என் முடிவு. மற்ற மூன்றிலும் நினைவக அட்டை போட்டுவிட்டேன். இணைப்பு அறுந்தாலும் பதிவு நிற்பதில்லை.

முகப்புக் கேமராவை மட்டும் கேபிள் வழி இயங்குவதாக மாற்றப் பங்காளிகள் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். 2025 ஏப்ரலிலிருந்து இங்கே விற்பனைக்கு வரும் கேமராக்களுக்கு மத்திய அரசு பாதுகாப்புச் சோதனையைக் கட்டாயமாக்கியிருப்பதால், அந்தச் சான்று உள்ளதாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன். தை பிறந்ததும் கேபிள் இழுக்க ஆள் வருகிறார். உத்தரத்தின் ஓரமாகவே கொண்டுபோக வேண்டும், செட்டிநாட்டுப் பூச்சில் ஆணி அடிக்கக் கூடாது, உரிமையாளர் பெயரை என் முன்னிலையில்தான் பதிய வேண்டும் என்று மூன்றையும் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.