எமர்ஜென்சி நர்சிங் பொறுப்பு: சென்னை கார்ப்பரேட்டா, திருச்சி டிரஸ்ட் ஆஸ்பத்திரியா?

போன ஆடி மாசம் பத்து நாள் இடைவெளியில் இரண்டு இன்டர்வியூவுக்குப் போனேன். ஒன்று சென்னையில் ஒரு பெரிய கார்ப்பரேட் ஆஸ்பத்திரியில், எமர்ஜென்சி நர்ஸ் மேனேஜர் வேலைக்கு. இன்னொன்று திருச்சியில் ஒரு டிரஸ்ட் நடத்துகிற ஆஸ்பத்திரியில், எமர்ஜென்சிக்கும் ட்ராமாவுக்கும் சேர்த்து நர்சிங் சூப்பரின்டென்டென்ட் வேலைக்கு. இரண்டு இடத்திலும் கிடைத்தது. நான் திருச்சியில் சேர்ந்தேன், எட்டு மாசம் ஆகிறது. என்னோடு கேஷுவாலிட்டியில் நின்ற பிள்ளைகள் பலரும் இப்போது இன்சார்ஜ் ஆகிவிட்டார்கள். "எதை வச்சுக்கா முடிவு பண்ணீங்க?" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள், அதனால் எழுதுகிறேன். திருச்சிப் பக்கம் சாய்ந்துதான் எழுதுவேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சம்பளத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. சென்னையில் மாசம் 18,000 ரூபாய் கூடுதல், அதில் பெரும்பகுதி வாடகைக்குப் போய்விடும். பெரிய ஆஸ்பத்திரியின் பெயர் பயோடேட்டாவில் இருந்தால் அடுத்த வேலைக்கு உதவும், அதுவும் உண்மைதான். உங்கள் சம்பளத்தைவிட உங்களுக்குக் கீழே வேலை செய்யப்போகிறவர்களின் சம்பளத்தைக் கேளுங்கள். 200 படுக்கைக்கு மேல் உள்ள தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் சம்பளம் அரசு நர்ஸ் சம்பளத்துக்குச் சமமாக இருக்க வேண்டும் என்று, உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016லேயே பரிந்துரைத்தது. அதற்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதை வைத்தே அங்கே ஆட்கள் நிலைப்பார்களா என்று சொல்லிவிடலாம்.

எம்.ஆர்.பி. (அரசு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போனவர்களுக்கு இந்தக் குழப்பமே கிடையாது, சூப்பரின்டென்டென்ட் பதவி சீனியாரிட்டியில் வரும். பிரிட்டனில் நான் வேலை பார்த்ததில்லை, அதனால் ஒப்பீட்டில் சேர்க்கவில்லை. ஆனால் அங்கே போன என் பேட்ச் தோழி ஒரு நல்ல வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தாள். அங்கே மேட்ரன் (மூத்த நர்சிங் பொறுப்பாளர்) வேலைக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தத் தகுதி கட்டாயம், எது இருந்தால் நல்லது என்று ஒரு பட்டியல் முன்கூட்டியே கொடுத்துவிடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் நாம் செய்த ஒரு காரியத்தை எடுத்து எழுத வேண்டும். நானும் அதேபோல ஒரு நோட்டுப் போட்டேன். மருந்து தவறிப்போன ஒரு நாள், டாக்டரோடு கருத்து வேறுபட்ட ஒரு நாள், ஒரே ஷிஃப்டில் மூன்று பேர் வராமல் போன ஒரு நாள் என்று ஒவ்வொரு தலைப்புக்கும் ஒரு நிகழ்ச்சி, அதில் நான் என்ன செய்தேன், பிறகு என்ன மாறியது. இரண்டு இன்டர்வியூவிலும் அந்த நோட்டுதான் கைகொடுத்தது.

சென்னை இன்டர்வியூ மூன்று சுற்று. எச்.ஆர். போனில் பேசினார்கள், அப்புறம் பேனல், அப்புறம் "முதல் 90 நாளில் என்ன செய்வீர்கள்" என்று பத்து நிமிஷப் பிரசன்டேஷன். கேள்விகள் நன்றாகவே இருந்தன. நெஞ்சுவலி என்று வருகிறவருக்கு 10 நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்கிறார்களா என்பதை எப்படிக் கண்காணிப்பீர்கள், அதே தொந்தரவோடு 72 மணி நேரத்துக்குள் திரும்பி வருகிறவர்களை எப்படிக் கணக்கெடுப்பீர்கள் என்று எல்லாம், ஆஸ்பத்திரிகளுக்குத் தரச் சான்று கொடுக்கிற என்.ஏ.பி.எச். அமைப்பின் தரத்தை ஒட்டியே கேட்டார்கள். நோயாளியோடு வந்தவர் நர்ஸ் மேல் கை ஓங்கினால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்டார்கள். முதலில் அந்தப் பெண்ணை அந்த இடத்திலிருந்து விலக்கிவிட்டு இன்னொருவரை நிறுத்துவேன், ஆஸ்பத்திரிகளைத் தாக்குகிறவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க நம் மாநிலத்தில் 2008லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, புகாரை ஆஸ்பத்திரி பெயரில் கொடுக்க வேண்டும், அந்தப் பெண் தனியாக ஸ்டேஷன் படி ஏறக் கூடாது என்றேன். தலையாட்டினார்கள்.

திருச்சியில் ஒரே சுற்றுதான். அறையில் இருபது நிமிஷம் பேசிவிட்டு மெடிக்கல் சூப்பரின்டென்டென்ட் எழுந்துகொண்டார். "வாங்க சிஸ்டர், கேஷுவாலிட்டியைப் பார்த்துட்டு வருவோம்." பேனலில் ரிட்டையரான ஒரு நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா இருந்தார், எழுபது வயசு இருக்கும். நேராக கிராஷ் கார்ட் (உயிர் காக்கும் மருந்தும் கருவியும் வைத்திருக்கும் தள்ளுவண்டி) பக்கம் போய் நின்று, "திறந்து பாருங்கம்மா" என்றார். சீல் நம்பர் ரிஜிஸ்டரில் எழுதியதோடு ஒத்துப்போகிறதா என்று முதலில் பார்த்தேன். மூச்சுக்குழாயில் டியூப் போடத் தொண்டையைப் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பிளேடை மாட்டினேன், விளக்கு மஞ்சளாக மங்கி எரிந்தது, பேட்டரி மாற்ற வேண்டும் என்றேன். மூச்சுக் கொடுக்க அழுத்தும் ஆம்பு பை குழந்தைகளுக்கானது இருந்தது, ஆனால் பச்சைக் குழந்தைக்கான மாஸ்க் இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற டூட்டி சிஸ்டரை நோக்கி ஒரு சொல்கூடக் கடிந்து பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

அங்கேயே நின்றபடி டாக்டர் கேட்டார். ராத்திரி 2 மணி, பைபாஸில் வேன் கவிழ்ந்து 11 பேர் வருகிறார்கள், உங்களிடம் 3 சிஸ்டர்தான் இருக்கிறார்கள், முதல் ஐந்து நிமிஷம் என்ன செய்வீர்கள்? ஒருவர் வாசலில் ட்ரையாஜுக்கு மட்டும் நிற்பார், யாருக்கு முதலில் சிகிச்சை என்று சிவப்பு (உடனே), மஞ்சள் (அடுத்து), பச்சை (காத்திருக்கலாம்) எனப் பிரிப்பதைத் தவிர அவர் எந்தச் சிகிச்சையிலும் கை வைக்கக் கூடாது; சீனியர் சிவப்புப் பக்கம் போவார்; மூன்றாமவர் போனை எடுத்து ஆன்-கால் டாக்டர், தியேட்டர், பிளட் பேங்க் என்று வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு மஞ்சள் பக்கம் வருவார்; நடக்க முடிகிறவர்களைச் செக்யூரிட்டி ஒரே இடத்தில் உட்கார வைப்பார்; ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) என்ட்ரி பின்னால் போடலாம், ஆனால் கையில் பட்டை கட்டாமல் ஒருவரையும் நகர்த்தக் கூடாது. பணம் கட்டுவது பற்றிய பேச்சு அந்த நேரத்தில் யார் வாயிலும் வரக் கூடாது, முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு சாலை விபத்தில் சிக்கியவர்களுக்காக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டம் இருக்கிறது என்றேன். சொல்லி முடித்துவிட்டு நான் ஒன்று கேட்டேன். "சார், அந்த மூணு பேர்ல ஒருத்தரை ஐ.சி.யூ.வுக்கு அனுப்பியிருக்க மாட்டீங்களே?"

நான் முடிவெடுத்தது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான்.

முன்பு நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில், எமர்ஜென்சி கொஞ்சம் காலியாகத் தெரிந்தால் போதும், நைட் சூப்பர்வைசர் போன் செய்து ஒரு சிஸ்டரை வார்டுக்கு இழுத்துவிடுவார். ஒரு நாள் ராத்திரி அப்படி இரண்டு பேரை அனுப்பிவிட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு ஆட்டோவில் மூச்சு நின்ற நிலையில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நானும், சேர்ந்து ஆறு வாரமே ஆன ஒரு பெண்ணும்தான். சி.பி.ஆர். செய்துகொண்டே அட்ரினலின் எந்த டிராயர் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் கை நடுங்கி ஆம்பியூல் கீழே விழுந்து உடைந்தது. அவர் பிழைக்கவில்லை. கூட ஆள் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று என்னால் சொல்ல முடியாது, ஆனால் "அனுப்ப முடியாது" என்று சொல்லும் அதிகாரம் இன்சார்ஜாக இருந்த எனக்கு அன்றைக்கு இல்லை. அந்த அதிகாரம் இல்லாத பொறுப்பை இனிமேல் எந்தச் சம்பளத்துக்கும் ஏற்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ஆள் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஷிஃப்டுக்கு 6 பேர் என்றால் மூன்று ஷிஃப்டுக்கு 18. பல நிர்வாகங்கள் இதோடு கணக்கை முடித்துவிடும். வருஷத்தில் 365 நாள், வார ஆஃப் 52 போனால் 313, சி.எல்., ஈ.எல்., சிக் லீவ், பண்டிகை என்று ஒரு 33 நாள் போனால் ஒரு நர்ஸ் நிஜமாக வேலைக்கு வருவது 280 நாள். 365ஐ 280ஆல் வகுத்தால் 1.3. ஆக அந்த 18 இடத்தை வருஷம் முழுக்க நிரப்ப 24 பேர் வேண்டும். இதில் பிரசவ விடுப்பு சேரவில்லை. 2017 திருத்தத்துக்குப் பிறகு அது 26 வாரம், நம் எமர்ஜென்சிகளில் வேலை செய்வது பெரும்பாலும் முப்பது வயசுக்குள் இருக்கிற பெண்கள், ஒரே சமயத்தில் இரண்டு பேர் போவது சாதாரணம். அதற்கு மாற்று ஆள் போடாவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் டபுள் டூட்டி பார்ப்பார்கள், மூன்று மாசம் பார்த்துவிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு வகுப்புக்கோ ஜெர்மன் வகுப்புக்கோ போய்விடுவார்கள். ட்ரையாஜ் மேசையில் தனியாக உட்கார வைக்கும் அளவுக்கு ஒருவரைத் தயார் செய்ய ஒரு வருஷமாவது ஆகும். அப்படித் தயாரானவர் போனால் அந்த இடத்தை ஒரு ஜாயினிங் ஆர்டர் நிரப்பிவிடாது.

அதனால் இரண்டு இடத்திலும் மூன்றே விஷயம் கேட்டேன்: கடைசி மூன்று மாச ரோஸ்டரை (டூட்டிப் பட்டியல்) பார்க்கலாமா, எமர்ஜென்சி ஆளை வெளியே எடுக்க யார் சம்மதம் வேண்டும், பிரசவ விடுப்புக்கு மாற்று ஆள் உண்டா.

சென்னையில் மரியாதையாகத்தான் பதில் சொன்னார்கள். ரோஸ்டர் உள் ஆவணம், சேர்ந்த பிறகு பார்க்கலாம். ஆள் ஒதுக்கீடு எல்லாப் பிரிவுக்கும் சேர்த்து ஆஸ்பத்திரியின் மத்திய நர்சிங் ஆபீஸ் பார்க்கும், தேவையைப் பொறுத்து மாற்றுவார்கள், மேனேஜர் கருத்துச் சொல்லலாம். மாற்று ஆள் பட்ஜெட்டைப் பொறுத்தது. கருத்துச் சொல்லத்தான் முடியும் என்பது எனக்கு ஏற்கெனவே பழக்கமான ஏற்பாடு.

திருச்சியில் அந்த அம்மா நர்சிங் ஸ்டேஷன் டிராயரைத் திறந்து ரோஸ்டர் நோட்டையே எடுத்து நீட்டினார். நீள நோட்டு, அட்டை பிய்ந்து செலோடேப் ஒட்டியிருந்தது. பென்சிலில் எழுதி அழித்து எழுதிய கட்டங்கள், அதில் சிவப்பு மையில் டபுள் டூட்டிகள். எண்ணினேன், முந்தைய மாசம் மட்டும் 31. இருக்க வேண்டியவர்கள் 24, இருப்பவர்கள் 19. "மறைக்க ஒண்ணும் இல்லம்மா, இதைச் சரிபண்ணத்தான் ஆள் தேடுறோம்" என்றார். எமர்ஜென்சி ஆளை எமர்ஜென்சி சூப்பரின்டென்டென்ட் சம்மதம் இல்லாமல் வேறு இடத்துக்கு மாற்றக் கூடாது என்று ஆர்டரில் ஒரு வரி எழுதித்தர முடியுமா என்று கேட்டேன். டாக்டர் கொஞ்ச நேரம் யோசித்தார், நாலு நாள் கழித்து ஆர்டர் வந்தபோது அந்த வரி இருந்தது. குறைகள் சென்னையைவிட இங்கேதான் அதிகம், ஆனால் அவற்றைத் திருத்தும் பேனாவை என் கையில் கொடுத்தார்கள்.

சென்னையில் கிடைத்திருக்கக்கூடியவற்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்கென்று தனி சிமுலேஷன் லேப் இருந்தது, இங்கே பழைய பொம்மை ஒன்றை வைத்து நானே வகுப்பு எடுக்கிறேன். தரக் கணக்குகளை அங்கே கம்ப்யூட்டரே எடுத்துக்கொடுக்கும், இங்கே நான் ராத்திரி உட்கார்ந்து ரிஜிஸ்டரைப் புரட்டுகிறேன். வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்களுக்கும், மூன்று வருஷத்தில் நர்சிங் டைரக்டர் ஆக நினைப்பவர்களுக்கும் அந்த இடம் பொருந்தும் என்றே நினைக்கிறேன். எட்டு மாசம் குறுகிய காலம், நிர்வாகம் மாறினால் இதே சுதந்திரம் இருக்குமா என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த வரியை வைத்து இதுவரை நாலு தடவை "முடியாது" என்று சொல்லியிருக்கிறேன். மூன்று தடவை உடனே ஒத்துக்கொண்டார்கள். ஒரு தடவை ஐ.சி.யூ. நிலைமை உண்மையிலேயே மோசமாக இருந்தது, நானே ஒரு ஆளை அனுப்பிவிட்டு அவர் இடத்தில் விடியும்வரை நின்றேன்.

இப்போது 22 பேர் இருக்கிறோம். போன மாசம் டபுள் டூட்டி 9. அடுத்து ஒரு பெண் பிரசவ விடுப்பில் போகிறாள், அவள் இடத்துக்கு மாற்று ஆள் வாங்கிவிட்டேன், வரும் திங்கட்கிழமை சேர்கிறாள். விடுப்பில் போகிறவள் கிளம்புவதற்கு முன்னால் ஆறு வாரமாவது இரண்டு பேரும் ஒன்றாக ட்ரையாஜ் மேசையில் உட்காரும்படி ரோஸ்டர் போட்டு வைத்திருக்கிறேன்.