கேல் ஜேடரின் மேடைப் பதிவுகள்: கார்மெலா, சியாட்டிலா?

உலோகப் பட்டைகளைத் தட்டி இசைக்கும் வைப்ரஃபோனில் லத்தீன் ஜாஸ் வாசித்த அமெரிக்கக் கலைஞர் கேல் ஜேடர் மேடையில் வாசித்ததை முதன்முறையாகக் கேட்க விரும்புகிறவர் இன்று முதன்மையாக இரண்டு தொகுப்புகளுக்கு இடையே தேர்வு செய்ய வேண்டியிருக்கிறது. ஒன்று, 1959 ஏப்ரல் 20 அன்று கலிஃபோர்னியாவின் கார்மெல் நகரில் பதிவாகி, ஃபேன்டசி நிறுவனத்தால் இரண்டு இசைத்தட்டுகளாக வெளிவந்து, பிற்பாடு ‘மான்டெரே கான்செர்ட்ஸ்’ என்ற பெயரில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. மற்றொன்று, 1963க்கும் 1967க்கும் இடையே சியாட்டிலின் பென்ட்ஹவுஸ் ஜாஸ் விடுதியில் வானொலிக்காகப் பதிவாகி, அரை நூற்றாண்டுக்கும் மேலாக நாடாக்களில் உறங்கி, 2023 இறுதியில் ஜாஸ் டிடெக்டிவ் நிறுவனத்தின் வெளியீடாகத் தயாரிப்பாளர் ஸெவ் ஃபெல்ட்மன் கொண்டுவந்த ‘கேட்ச் தி க்ரூவ்’. புதிதாகக் கிடைத்த ஒன்றை உடனே தலையில் தூக்கி வைத்துக்கொள்ளத் தோன்றுவது இயல்புதான். ஆனால் முதலில் எதைக் கேட்பது என்பது வேறு கேள்வி.

கார்மெல் பதிவின் பலம் அதன் தாளப் பகுதி. லத்தீன் இசைக்குழுத் தலைவர் டீட்டோ புவென்டேயின் குழுவிலிருந்து ஜேடரிடம் வந்து சேர்ந்த தாளக் கலைஞர்கள் மோங்கோ சாண்டமரியாவும் வில்லி போபோவும் அன்று கைகோத்து அமர்ந்திருக்கிறார்கள். புல்லாங்குழலில் பால் ஹார்ன், பாஸில் அல் மெக்கிப்பன், பியானோவில் லோனி ஹெவிட். சாண்டமரியா இயற்றிய ‘ஆஃப்ரோ ப்ளூ’ முதன்முதலாகப் பதிவானது இந்த மேடையில்தான். அதன் உயிர் எங்கே இருக்கிறது என்று அறிய, மேசையின்மேல் வலக்கையால் மூன்று தட்டுகளையும், அதே கால அளவுக்குள் இடக்கையால் இரண்டு தட்டுகளையும் சீராகப் போட்டுப் பாருங்கள். இரண்டு கைகளும் முதல் தட்டில் மட்டும் சந்தித்துப் பிரியும். அந்தச் சந்திப்பும் பிரிவும்தான் பாட்டு முழுக்க ஓடுகிறது. ஜேடர் இசை வாழ்க்கையைத் தொடங்கியது ஜாஸ் பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் டிரம்ஸ் கலைஞராக என்பதை இங்கே மறக்கக் கூடாது. தாளக்காரர்களுக்கு எப்போது வழிவிட வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. (பியானோ கலைஞர் எரோல் கார்னர் 1955இல் தம் புகழ்பெற்ற கச்சேரியைப் பதிவு செய்ததும் இதே கார்மெல் அரங்கில்தான்.)

பென்ட்ஹவுஸ் பதிவுகளின் இயல்பு வேறு. சியாட்டிலின் கிங் எஃப்எம் வானொலிக்காக ஜிம் வில்க் அந்த விடுதியிலிருந்து நேரடியாக ஒலிபரப்பி வந்தார். சாக்ஸஃபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் சியாட்டில் பதிவுகளும் பியானோ கலைஞர் அகமது ஜமாலின் பதிவுகளும் அதே மேடையில் எடுக்கப்பட்டவையே. விடுதி 1968இல் மூடப்பட்டது. இன்று அந்தக் கட்டடமே இல்லை. ஒலிபரப்பு நேரத்துக்குள் அடங்க வேண்டியிருந்ததால், கார்மெலில் கிடைக்கும் நிதானமான விரிவு இங்கே குறைவு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தக் குறையே வேறொன்றைத் தருகிறது: நான்கு ஆண்டுகளில் ஒரு குழு எப்படி மாறியது என்பது அடுத்தடுத்த ஒலிபரப்புகளில் கேட்கிறது. 1963இல் பியானோவில் இருப்பவர் கிளேர் ஃபிஷர். தேர்ந்த இசையமைப்பாளராகவும் இருந்த அவருடைய அடர்த்தியான ஸ்வரக் கூட்டுகளின்மேல் ஜேடரின் வைப்ரஃபோன் நிதானமாக மிதக்கிறது. பிறகு காங்கா என்னும் கையால் தட்டும் கியூப முரசில் அர்மாண்டோ பெராஸா வந்ததும் குழுவின் நாடித்துடிப்பே மாறிவிடுகிறது. 1965இல் வெளியான ஜேடரின் ‘சோல் சாஸ்’ இசைத்தட்டு பெரும் வெற்றி பெற்ற காலகட்டம் அது. பிந்திய பதிவுகளில் அல் ஸுலைகா பியானோவில் அமர்கிறார். அன்றைய பாப் பாடல்களும் பட்டியலில் இடம்பெறுகின்றன. அவற்றில் சில எனக்குச் சற்று மேலோட்டமாகவே படுகின்றன.

ஆகவே என் தேர்வு கார்மெல்தான், அதுவும் தயக்கமில்லாமல். சாண்டமரியாவும் போபோவும் சேர்ந்து எழுப்பும் தளத்துக்கு நிகரானதைப் பென்ட்ஹவுஸில் பெராஸா தனியொருவராகத் தர முடியாது. அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் மெல்லிய, மெதுவான பாடல்களுக்குச் சியாட்டில்தான். வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளில் எழும் ஓசையை மிதியால் நீட்டியும் அணைத்தும் ஆளுகிற ஜேடரின் கால், தாளவாத்தியங்கள் ஒலி தணிந்து நிற்கும் அந்தப் பாடல்களில்தான் தெளிவாகக் கேட்கிறது. ஒரு ஸ்வரம் எங்கே அறுபடுகிறது, எங்கே அடுத்ததோடு கலக்கிறது என்பதை ஹெட்ஃபோனில் எண்ணிவிடலாம்.

மூன்றாவதாகச் சிலர் சான்பிரான்சிஸ்கோவின் பிளாக்ஹாக் விடுதிப் பதிவைச் சொல்வார்கள். வின்ஸ் குவாரால்டியின் பியானோவும் சோம்போ சில்வாவின் டெனர் சாக்ஸஃபோனும் அதில் அருமை. ஆனால் சாக்ஸஃபோன் முன்னால் நிற்பதால் வைப்ரஃபோனைத் தேடி வருகிறவர் அதிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

இரண்டையும் வாங்கக்கூடியவர்கள் முதலில் கார்மெலின் ‘ஆஃப்ரோ ப்ளூ’வைக் கேட்டுவிட்டு, உடனே ஃபிஷர் வாசிக்கும் 1963 பகுதிக்குத் தாவட்டும். இடையில் கடந்திருப்பது நான்கே ஆண்டுகள்.