லீட்கோடு பிரீமியம்: காசு கட்டலாமா, எப்போ கட்டலாம்

நாலு வருஷம் சிறுசேரில ஒரு சர்வீஸ் கம்பெனில சப்போர்ட் புராஜெக்ட்ல இருந்தேன். அங்கேர்ந்து பெங்களூர்ல இருக்கிற ஒரு பெரிய டெக் கம்பெனிக்கு ரெண்டு தடவை இண்டர்வியூ போனேன், முதல் தடவை ஊத்திக்கிச்சு, ரெண்டாவது தடவை கெடச்சுது. ரெண்டுக்கும் படிச்சது லீட்கோடுலதான், அதாவது புரோகிராமிங் கணக்கு போட்டு இண்டர்வியூவுக்கு பழகுற வெப்சைட், அதனால ரெண்டு பக்கமும் பாத்தவனா எழுதுறேன்.

மொதல்ல ஃப்ரீயா கெடைக்கிறதே ரொம்ப பெருசு. முதல் கணக்கு டூ சம், எல்லாரும் அதுலதான் ஆரம்பிப்பாங்க. ஒரு அரேல, அதாவது நம்பர் வரிசைல, ரெண்டு நம்பர் கூட்டுனா டார்கெட் வரணும், ரெண்டு லூப் போட்டா n ஸ்கொயர் ஆயிடும், அதாவது n நம்பர் இருந்தா கிட்டத்தட்ட n×n தடவை ஓடணும், பாத்த நம்பர போட்டு வெச்சு சட்டுன்னு தேடி எடுக்கிற ஒரு ஹேஷ் மேப் வெச்சா ஒரே ஓட்டத்துல முடிஞ்சிடும். இந்த ஒரு விஷயம், அதாவது ஏற்கனவே பாத்தத ஞாபகம் வெச்சுக்கிட்டா திரும்ப தேட வேணாங்கிறது, அதுக்கப்புறம் வர்ற கணக்குல பாதிக்கு மேல ஏதோ ஒரு வேஷத்துல வந்துட்டே இருக்கும். ஞாயித்துக்கிழமை காலைல நம்ம நேரம் 8 மணிக்கு வாராந்திர கான்டெஸ்ட், 90 நிமிஷம் நாலு கணக்கு, அதுவும் ஃப்ரீ. கடிகாரம் ஓடும்போது கை நடுங்குறது எனக்கு அங்கதான் போச்சு.

பிரீமியம்ங்கிறது காசு கட்டுற சந்தா, நான் கட்டுனப்ப மாசத்துக்கு 35 டாலர், வருஷத்துக்கு 159 டாலர். இதுல உருப்படியான ஒண்ணு கம்பெனி வாரியா கேள்வி லிஸ்ட், சமீபத்துல எது அடிக்கடி வந்துச்சுன்னு பாக்கலாம். ஆனா அதே கேள்வி அப்படியே வரும்னு நம்பி மனப்பாடம் பண்ணாதீங்க. எனக்கு வந்த கேள்விய சொல்ல முடியாது, சொல்ல மாட்டேன்னு கையெழுத்து போட்ருக்கேன், ஆனா ஒண்ணுகூட லிஸ்ட்ல இருந்த மாதிரி வரல, லீட்கோடுல எல்லாரும் போடுற தீவு எண்ணுற கணக்கு, கோர்ஸ் ஷெட்யூல், எல்ஆர்யூ கேஷ் மாதிரி கணக்கெல்லாம் உள்ளுக்குள்ள எப்படி ஓடுதுன்னு புரிஞ்சிருந்ததாலதான் சமாளிச்சேன். அதனால வருஷ சந்தா வேணாங்க, இண்டர்வியூ தேதி வந்ததும் கடைசி ரெண்டு மாசத்துக்கு மட்டும் கட்டுங்க, போதும்.

இப்போ நான் முக்கியமா சொல்ல வந்தது. முதல் தடவை போனப்ப முன்னூறு கணக்குக்கு மேல போட்டு முடிச்சிருந்தேன். 45 நிமிஷ ரவுண்டு, வெறும் ஷேர்டு டாக்குமென்ட், ரன் பட்டன் கெடையாது, தப்புக்கு அடில வர்ற சிவப்பு அடிக்கோடு கெடையாது. நான் வாயே தொறக்காம பத்து நிமிஷத்துக்கு மேல யோசிச்சேன், அப்புறம் கடகடன்னு எழுதினேன், கோடு சரிதான். ஆனா ரிஜெக்ட். நீங்க எப்படி யோசிக்கிறீங்கன்னே தெரியலன்னு ரெக்ரூட்டர் சொன்னாங்க, ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல எனக்கு. பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம், மண்டைக்குள்ள ஓடுறது தமிழ்ல, அத இங்கிலீஷ்ல மாத்தி வாயில கொண்டு வரணும்னா கணக்கே கையவிட்டு போயிடுது. இது சைட்டோட தப்பு இல்ல, அங்க கோடு ஓடுச்சா டெஸ்ட் கேஸ் பாஸ் ஆச்சா அவ்ளோதான், பேசுறத நாமதான் தனியா பழகணும்.

ரூம்மேட்தான் வழி சொன்னான். மொதல்ல தமிழ்லயே சத்தமா சொல்லிட்டு போடுடான்னான். "இந்த எடத்துல மேப் வெச்சா ரெண்டாவது லூப் வேணாம், ஆனா மெமரி ஏறும், பரவால்லியா?" அப்படின்னு அவன்கிட்ட பேசிக்கிட்டே எழுதுவேன், முடிச்சதும் அதே கணக்க இங்கிலீஷ்ல இன்னொரு தடவை சொல்லுவேன். ரெண்டு மாசம் தெனமும் ஒரு கணக்கு இப்படி, வெத்து நோட்பேட்ல. ரெண்டாவது இண்டர்வியூல ஒரு எடத்துல சிக்கிக்கிட்டேன், இண்டர்வியூ எடுத்த மேடம் ஒரு சின்ன ஹிண்ட் குடுத்தாங்க, நான் எங்க நிக்கிறேன்னு அவங்களுக்கு கேட்டுச்சு, அதனாலதான் குடுக்க முடிஞ்சுது!

இந்த மாதிரி பரீட்சை நியாயமான்னு கேட்டா முழுசா நியாயம்னு சொல்ல மாட்டேன். மேக்ல சாஃப்ட்வேர் இன்ஸ்டால் பண்ற ஹோம்ப்ரூங்கிற டூல எழுதின மேக்ஸ் ஹோவல், பைனரி ட்ரீங்கிற டேட்டா அமைப்ப தலைகீழா மாத்த தெரியலன்னு கூகிள் தன்ன எடுக்கலன்னு 2015ல ட்வீட் போட்டாரு. அவ்ளோ பேரு யூஸ் பண்ற டூல் எழுதின ஆளுக்கே அந்த நெலமை. ஆனா வாசல் அதுதான்னு இருக்குறப்ப பழகிட்டு போறதுதான் நமக்கு நல்லது.

இன்னொண்ணு, பிஹேவியரல் ரவுண்டுக்கு, அதாவது வேலைல எப்படி நடந்துக்கிட்டீங்கன்னு கேக்குற ரவுண்டுக்கு, லீட்கோடு உதவாது. அமேசான் மாதிரி எடத்துல 16 லீடர்ஷிப் பிரின்சிபிள்ஸ் அவங்க சைட்லயே போட்ருக்காங்க, அத வெச்சு உங்க சொந்த அனுபவத்த எழுதி வெச்சுக்கோங்க. சப்போர்ட் வேலைதானேன்னு உங்கள நீங்களே மட்டமா நெனைக்காதீங்க ப்ளீஸ். ராத்திரி தானா ஓடுற பேட்ச் ஜாப் 2 மணிக்கு பாதில நின்னு, லாக் தேடி, காலைல கிளையன்ட் வர்றதுக்குள்ள எப்படி எழுப்பி விட்டோம்ங்கிற என் கதையத்தான் என் இண்டர்வியூல அதிகமா தோண்டி தோண்டி கேட்டாங்க.

இப்போ என் பழைய டீம்ல ஒரு பொண்ணுக்கு அடுத்த மாசம் இண்டர்வியூ. ஞாயிறு கான்டெஸ்ட் ஒம்பதரைக்கு முடிஞ்சதும் கால் பண்ணுவா, போட்ட கணக்க மொதல்ல தமிழ்ல சொல்லுவா, அப்புறம் இங்கிலீஷ்ல. போன வாரம் மூணாவது கணக்குல நடுவுல நிப்பாட்டி, இல்லண்ணா இது தப்பா போகுதுன்னு அவளே கண்டுபுடிச்சா.