சுங்கான்கடைப் பணிமனையில் 18 நாட்கள்: வீட்டில் கட்டிய பந்தயக் காருக்கு முதல் ஓட்டத்துக்கு முந்தைய சோதனை

நாகர்கோவிலை அடுத்த பார்வதிபுரத்திலிருந்து தக்கலை நோக்கிச் செல்லும் சாலையில், மண்பாண்டங்களுக்குப் பெயர்பெற்ற சுங்கான்கடையை ஒட்டி, பெயர்ப்பலகை இல்லாத ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. டிப்பர் லாரிகளின் சேசிஸ் வெல்டிங், ரப்பர் ஷீட் அடிக்கும் உருளைகளின் பழுது, விசைப்படகுகளின் எஞ்சின் தாங்கிகள் ஆகியவையே அங்கு அன்றாட வேலை. நான்கு ஆண்டுகளாக வீட்டு ஷெட்டில் என் கையால் பூட்டி முடித்த பந்தயக் காரை, முதன்முறையாக டிராக்கில் இறக்குவதற்கு முன் முழுமையாகச் சோதித்துத் தருமாறு அந்தப் பணிமனையில்தான் ஒப்படைத்தேன். பந்தயக் கார் வேலைக்கென்று நம் மாவட்டத்தில் தனிக் கடை எதுவும் என் கண்ணில் பட்டதில்லை என்பதால், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்று அங்கே கிடைத்த வேலையின் தரத்தை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் காரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனம் 1957-ல் அறிமுகப்படுத்திய செவன் என்னும் இரட்டை இருக்கை வண்டியின் வழியில் வந்த வடிவம் இது. அந்த வண்டி தொடக்கத்திலிருந்தே பாகங்களாகவும் விற்கப்பட்டது. வாங்கியவர்கள் வீட்டிலேயே பூட்டிக்கொண்டார்கள். 1973-ல் உரிமையைப் பெற்ற கேட்டர்ஹாம் நிறுவனம் இன்றும் அதே வடிவத்தைத் தயாரிக்கிறது. எனக்கு வந்த பாகத் தொகுப்பான கிட்டில் 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய்களால் ஆன சேசிஸ், சக்கரங்களைச் சேசிஸோடு இணைக்கும் கைகளான விஷ்போன்கள், ஃபைபர் முகப்பு ஆகியவை இருந்தன. எஞ்சினும் கியர் பெட்டியும் மாருதி ஜிப்சியிலிருந்து எடுத்தவை: 1298 சிசி, 80 குதிரைத்திறன். ஜிப்சியில் எஞ்சின் நீளவாட்டில் அமர்ந்திருப்பதும், நாற்சக்கர இயக்கத்துக்கான டிரான்ஸ்ஃபர் பெட்டி கியர் பெட்டியோடு ஒட்டாமல் தனியாக இருப்பதும் இத்தகைய காருக்கு மிகவும் வசதியானவை. அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, கியர் பெட்டியிலிருந்து நேராகப் பின் அச்சுக்குத் தண்டைக் கொண்டுபோகலாம். பதிவெண் இல்லாத வண்டி என்பதால் பொதுச்சாலையில் ஓட்டக் கூடாது, லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

பணிமனையின் உரிமையாளரை அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஆசான் என்றே அழைக்கிறார்கள். வளைகுடாவில் ஒரு கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் பல ஆண்டுகள் வெல்டிங் பரிசோதகராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். நான் போனபோது என் கையில் இருந்த பட்டியலில், எஞ்சின் திறனைக் கூட்டும் வேலைகளே முதல் நான்கு வரிகளாக இருந்தன. அவர் அதைப் பொறுமையாக வாசித்துவிட்டு, "தம்பி, வேகம் கூட்டுற வேலைய பொறவு பாப்போம். இது நிக்குமா, திரும்புமா, தீப்பிடிக்காம இருக்குமான்னு மொதல்ல பாத்துக்கிடணும், கேட்டியளா" என்றார். எளிதாகப் பணம் வாங்கிக்கொண்டு செய்திருக்கக்கூடிய நான்கு வேலைகளை அவரே அடித்துவிட்டார் என்பதை இந்த மதிப்புரையின் முதல் பாராட்டாகப் பதிவு செய்கிறேன்.

இரண்டாம் பாராட்டு, வெல்டிங் சோதனைக்கு. கிட்டைத் தயாரித்தவர்கள் அனுப்பிய சேசிஸைப் பவுடர் கோட்டிங் செய்த நிலையில்தான் வாங்கியிருந்தேன். தடிமனான அந்தப் பூச்சு வெல்டிங்கில் உள்ள விரிசலை மறைத்துவிடும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. விஷ்போன்கள் பூட்டப்படும் தாங்கிகள், சீட் பெல்ட்டின் பிடிமானங்கள், வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் ரோல் பாரின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு மனம் வலித்தது உண்மை. சுரண்டிய இடத்தைத் துடைத்துச் சுத்தமாக்கி, சிவப்புச் சாயத்தைத் தெளித்து, விரிசல் இருந்தால் அது உள்ளே இறங்குவதற்காகக் கால் மணி நேரம் காத்திருந்து, மேலே நின்ற சாயத்தைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு, உள்ளே இறங்கிய சாயத்தை வெளியே இழுத்துக் காட்டும், வெள்ளை மாவு போன்ற டெவலப்பரை மெல்லிய படலமாகத் தெளித்தார்கள். ஐந்து தாங்கிகள் வெள்ளையாகவே இருந்தன. முன் இடப்பக்கக் கீழ்த் தாங்கியில் மட்டும், வெல்டிங் முடிகிற ஓரத்தில், தலைமுடி அளவுக்கு ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி எழுந்தது. நகத்தின் அகலம்கூட இல்லாத கோடு. பிரேக் அழுத்தும் ஒவ்வொரு முறையும் அந்தச் சக்கரத்தின் விசை முழுவதும் வந்து விழும் இடம் அது. நான் ஆயிரம் முறை துடைத்த இடம், ஆயிரம் முறை பார்த்த இடம். அன்று மாலையே அந்த வெல்டிங்கை கிரைண்டரால் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்து, மறுநாள் காலை மீண்டும் அதே சாயச் சோதனையைச் செய்து காட்டிய பிறகுதான் பெயிண்ட் அடிக்க அனுமதித்தார்கள்.

போல்ட், நட்டுச் சோதனை நான்கு நாட்கள் நடந்தது. ஆசானின் உதவியாளரான இளைஞர் ஒரு பழைய கணக்கு நோட்டில் காரின் ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரு வரி ஒதுக்கி, அதன் அளவு, தலையில் பொறித்த தரம், இறுக்கிய முறுக்கு விசையின் அளவான டார்க் ஆகியவற்றை எழுதிக்கொண்டே வந்தார். பளபளப்புக்காக நான் சஸ்பென்ஷனில் போட்டிருந்த ஸ்டெயின்லெஸ் போல்ட்டுகள் அனைத்தும் கழற்றப்பட்டு, 8.8 என்று பொறித்த, வலு கூடிய எஃகு போல்ட்டுகள் வந்தன. மரை உள்ள பகுதி தாங்கியின் துளைக்குள் அமரக் கூடாது, மரையில்லாத தண்டுதான் அங்கே பாரத்தைத் தாங்க வேண்டும் என்பதையும் ஒவ்வொன்றிலும் பார்த்தார்கள். ஒருமுறை கழற்றிய நைலான் லாக் நட்டை மறுபடி போடவில்லை. இறுக்கி முடித்த ஒவ்வொரு நட்டின் மீதும், அதை ஒட்டிய உலோகத்தின் மீதும் சேர்த்து ஒரே கோடாக மஞ்சள் பெயிண்ட் இழுத்தார்கள். நட்டு சிறிதளவு திரும்பினாலும் கோடு முறிந்து தெரியும். டிராக்கில் ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் பார்க்க அதைவிட எளிய வழி கிடையாது.

நெருப்பு, மின்சாரம் தொடர்பான வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆக்சிலரேட்டருக்கு இரண்டாவது திருப்பு ஸ்பிரிங் போட்டார்கள், பெடல் கேபிளை இழுத்து அறுக்காதபடி அடியில் ஒரு தடுப்பு வைத்தார்கள், பேட்டரிக்கு உலோகப் பட்டை கட்டினார்கள், பெல்ட் மாட்டிய நிலையிலேயே கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பானைப் பொருத்தினார்கள். மின் துண்டிப்பு சுவிட்சை நான் நின்ற வண்டியில் திருகிப் பார்த்து, விளக்குகள் அணைவதைக் கண்டு திருப்தியடைந்திருந்தேன். அவர்கள் எஞ்சினை ஓடவிட்டுத் திருகினார்கள், எஞ்சின் நிற்கவில்லை. பேட்டரி துண்டிக்கப்பட்டாலும் ஆல்டர்னேட்டர் தானே மின்சாரம் கொடுத்து எஞ்சினை ஓட வைத்துக்கொண்டிருந்தது. இக்னிஷனையும் ஆல்டர்னேட்டரையும் சேர்த்துத் துண்டிக்கும் சுவிட்சை மாற்றிப் போட்டார்கள். தீ பிடித்த வண்டியில் வெளியிலிருந்து ஓடிவரும் ஒருவர் அந்தச் சுவிட்சைத் திருகுகிறார் என்று எண்ணிப் பாருங்கள், இந்தச் சோதனையின் மதிப்பு விளங்கும்.

பெல்ட் விஷயத்தில் அவர்கள் என்னை இருக்கையில் உட்கார வைத்துத்தான் அளந்தார்கள். இடுப்புப் பட்டை வயிற்றின் மீது ஏறாமல் இடுப்பெலும்பின் மீது படிய வேண்டும். தோள் பெல்ட்டுகள் தோளிலிருந்து பின்னோக்கி ஏறக்குறைய கிடைமட்டமாக, அல்லது 20 பாகைக்கு மிகாமல் கீழே சரிந்து போக வேண்டும். செங்குத்தாகக் கீழே இறங்கினால் மோதலின்போது அந்த பெல்ட்டே முதுகெலும்பை அழுத்திவிடும். என்னுடைய தோள் பெல்ட்டுகளின் பிடிமானங்கள் தாழ்வாக இருந்ததால் ரோல் பாருக்குக் குறுக்கே ஒரு குழாய் வைத்து உயர்த்தினார்கள். ஹெல்மெட் அணிந்த என் தலைக்கும் ரோல் பாரின் உச்சிக்கும் இடையே ஐந்து சென்டிமீட்டர் இருக்கிறதா என்பதையும் மட்டப் பலகை வைத்துப் பார்த்தார்கள்.

சக்கர எடை பார்க்கும் கருவி அங்கே இல்லை. அது குறையாகிவிடும் என்றே நினைத்தேன். ஆசான் தமக்குத் தெரிந்த வாழைக்குலை மண்டியிலிருந்து நான்கு மின்னணு மேடைத் தராசுகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் வாங்கி வந்துவிட்டார். நான்கும் ஒரே எடையைக் காட்டுகின்றனவா என்று ஒரே சிமெண்ட் மூட்டையை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தார்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும் நீர்க்குழாயால் நான்கு தராசுகளையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். நான் உள்ளே உட்கார்ந்திருக்க, மொத்த எடை 688 கிலோ. முன் இடச் சக்கரத்தையும் பின் வலச் சக்கரத்தையும் கூட்டினால் மொத்தத்தில் 54 விழுக்காடு வந்தது. அப்படியே விட்டால் ஒரு பக்கம் திரும்பும்போது ஒரு மாதிரியும் மறு பக்கம் திரும்பும்போது வேறு மாதிரியும் வண்டி நடந்துகொள்ளும். ஸ்பிரிங் தாங்கும் வளையங்களைத் திருகித் திருகி 50.5 விழுக்காட்டுக்குக் கொண்டுவர மதியம் முழுவதும் ஆயிற்று. தராசுகளில் வாழைக்கறை இருந்தது. கணக்கில் பிழை இல்லை.

இனி, பணிமனையின் பிழைக்கு வருகிறேன். ஓட்டத்துக்கு நான் தேர்ந்தது கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே. மாருதி பாகங்களைக் கொண்டே குறைந்த செலவில் பந்தயக் கார்களைக் கட்டி, இந்த விளையாட்டைச் சாதாரண மனிதர்களுக்கு அருகில் கொண்டுவந்த கரிவர்தனின் நினைவைத் தாங்கும் டிராக் அது. ஒரு சுற்று 2.1 கிலோமீட்டர். வீட்டில் கட்டிய கார் முதலில் தொட வேண்டிய மண் அதுதான் என்று எனக்கு நெடுநாளாக ஓர் ஆசை. முதல் சுற்றுகள் நன்றாகவே போயின. இரண்டாம் அமர்வின் ஐந்தாம் சுற்றில், நேர்ப்பாதையின் முடிவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட இரண்டு அங்குலம் கீழே போனது. மறுமுறை மிதித்ததும் பிடித்தது. வேகத்தைக் குறைத்துக் கையை உயர்த்திக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

என்னுடன் வந்திருந்த மச்சான் தரையில் படுத்துப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடித்தார். பின் சக்கரங்களுக்குப் போகும் பிரேக் குழாய், சைலன்சர் குழாயிலிருந்து இரண்டு விரல் தூரத்தில், எந்தத் தடுப்பும் இல்லாமல் ஓடியது. அந்த வெப்பத்தில் பிரேக் ஆயில் கொதித்து நீராவிக் குமிழிகள் உண்டாகியிருக்க வேண்டும். அந்தக் குமிழிகள் அமுங்குவதால்தான் பெடல் கீழே போயிருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகையின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 பாகை செல்சியஸ். ஈரம் சேர்ந்த பின் அந்த வரம்பு 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற, கடல்காற்று ஓயாத நம் ஊரில், பாதி தீர்ந்த டப்பாவை அலமாரியில் வைத்து மறுபடி ஊற்றுவது ஆபத்தானது. பணிமனையில் ஊற்றியது அப்படித் திறந்து வைத்திருந்த டப்பா என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது. அத்தனை போல்ட்டுகளை எண்ணியவர்கள் இந்த இரண்டையும் விட்டுவிட்டார்கள் என்பது எனக்கு ஆழ்ந்த வருத்தம்.

அன்று மாலை தொலைபேசியில் சொன்னபோது ஆசான் ஒரு சாக்கும் சொல்லவில்லை. "அது என் தப்புதான் தம்பி, வண்டிய கொண்டாங்க" என்றார். குழாயைச் சேசிஸின் மறுபக்கத்துக்கு மாற்றி, வெப்பத் தடுப்புத் தகடு வைத்து, சீல் உடைக்காத புதிய டப்பாவை என் கண்முன் திறந்து ஊற்றிக் காற்று எடுத்து, கூலி வாங்காமல் கொடுத்தார்கள். எனக்கு ஆன 400 கிலோமீட்டருக்கு மேற்பட்ட லாரி வாடகைக்கு அது ஈடாகாது. ஆனாலும் அந்தப் பொறுப்புணர்வை நான் மதிக்கிறேன்.

மற்ற குறைகள் சிறியவை. பத்து நாள் என்று சொன்ன வேலை பதினெட்டு நாள் ஆயிற்று. லாரி வேலை வந்தால் நம் வேலை ஒதுங்கி நிற்கும். அச்சடித்த ரசீது கிடையாது. கிரைண்டர் தூசி இருக்கையின் தையல் வரை ஏறியிருந்தது. பொருள்கள் நீங்கலாகக் கூலி மட்டும் 31,000 ரூபாய் கொடுத்தேன். செய்த வேலைக்கு அது குறைவு என்றே கருதுகிறேன்.

அங்கே போக நினைப்பவர்கள் சேசிஸைப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்பே கொண்டுபோங்கள். பூச்சைச் சுரண்டும் செலவும் மனவலியும் மிச்சமாகும். பிரேக் ஆயிலை நீங்களே புதிதாக வாங்கிக் கையில் கொடுங்கள், சைலன்சர் போகும் பாதையை அவர்களோடு சேர்ந்து படுத்துப் பாருங்கள். போல்ட் எழுதிய நோட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடையதில் 412 வரிகள் இருக்கின்றன. முதல் ஓட்டம் முடிந்தபின் அந்த ஆறு தாங்கிகளுக்கும் மீண்டும் சிவப்புச் சாயம் அடித்துப் பார்க்க வேண்டும் என்று ஆசான் சொல்லியிருப்பதால், அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறன்று கார் மறுபடியும் சுங்கான்கடைக்குப் போகிறது.