புறக்கோட்டைக் கடைக் கணக்கும் போஸ்ட்கிரெஸும்: 6 வருட அனுபவம்

கொழும்பு புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளுக்குப் பில் போடும் மென்பொருள் செய்து கொடுக்கிறேன். 6 வருடமாக எல்லாவற்றுக்கும் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம்தான். அதில் நான் அதிகம் நம்புவது எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் என்ற கட்டளை. குவெரிக்கு (தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்விக்கு) முன்னால் அதைப் போட்டால், எந்த டேபிளை (தரவு அட்டவணையை) எப்படித் தேடியது, எத்தனை தரவு வரி வரும் என்று கணித்தது, உண்மையில் எத்தனை வந்தது, நேரம் எங்கே போனது எல்லாம் தெரிந்துவிடும்.

நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு கடை. இரவு பூட்டும்போது அன்றைய விற்பனை அறிக்கை வர 40 செக்கன் எடுத்தது. முதலாளி சாவியோடு காத்து நிற்பார். திகதிக் கொலத்துக்கு (டேபிளின் நிரலுக்கு) விரைவாகத் தேட உதவும் இன்டெக்ஸ் இருந்தும், எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் காட்டிய பிளானில் முழு டேபிளையும் தேடுகிற சீக் ஸ்கேன். பிழை என்னுடையது. பில் நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றி, அதிலிருந்து திகதியைப் பிரித்து ஒப்பிட்டிருந்தேன். கொலத்தை இப்படி ஒரு ஃபங்ஷனுக்குள் போட்டுவிட்டால் அதன் சாதாரண இன்டெக்ஸ் பயன்படாது. இலங்கை நேரம் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) விட ஐந்தரை மணித்தியாலம் முன்னால். ஆகவே எங்கள் ஒரு நாள், யூடிசியில் முந்தைய நாள் 18:30இல் தொடங்கி அன்று 18:30இல் முடிகிறது. இந்த இரண்டு எல்லையையும் முதலிலேயே கணக்கிட்டு, கொலத்தைத் தொடாமல் ஒப்பிட்டேன். ஒரு செக்கனுக்குள் அறிக்கை வந்தது. இங்கே, இரண்டு எல்லைக்கு இடைப்பட்டதைத் தேடும் பிட்வீன் வேண்டாம். அது இரு எல்லையையும் சேர்த்துக்கொள்ளும், சரியாக 18:30க்கு விழுந்த பில் இரண்டு நாளிலும் வரும்.

அடுத்தது ஃபொரின் கீ, அதாவது ஒரு டேபிளின் வரியை இன்னொரு டேபிளின் வரியோடு இணைக்கும் கொலம். மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி அதற்குத் தானாகவே இன்டெக்ஸ் போடும், போஸ்ட்கிரெஸ் போடாது. இது தெரியாமல், ஒரு பழைய வாடிக்கையாளரை அழிக்கும் ஒவ்வொரு தடவையும் பில் டேபிள் முழுவதையும் தேடவைத்திருந்தேன். அதற்காகக் கண்ட கொலத்துக்கெல்லாம் இன்டெக்ஸ் போடவும் கூடாது. ஒவ்வொரு புதுப் பில்லும் அத்தனை இன்டெக்ஸிலும் எழுதப்பட வேண்டும், கவுண்டரில் ஆட்கள் நிற்கும்போது அது உறுத்தும்.

சில வேளை குவெரியில் குறையே இருக்காது. 300 பில்லை எடுத்துவிட்டு, ஒவ்வொன்றின் வாடிக்கையாளர் பெயருக்கும் தனித்தனியாகக் கேட்டால் 301 குவெரி. இரண்டு டேபிளையும் ஒரே குவெரியில் சேர்க்கும் ஒரு ஜொயின் போதும்.

அப்புறம், கணித்த வரிக்கும் வந்த வரிக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் முதலில், டேபிளின் புள்ளிவிபரத்தைப் புதுப்பிக்கும் அனலைஸ் என்ற தனிக் கட்டளையை ஓடவிடுங்கள். பழைய கணக்கை மொத்தமாக ஏற்றிய கையோடு நான் அதைச் செய்துவிடுவேன். ஆனால் எக்ஸ்ப்ளெயின் அனலைஸ் குவெரியை உண்மையாகவே ஓட்டும், டிலீட்டுக்கு (தரவை அழிக்கும் கட்டளைக்கு) முன்னால் போட்டால் தரவு அழிந்தே போகும். முதலில் பிகின் போட்டுத் தொடங்கி, கடைசியில் ரோல்பேக் போட்டு மாற்றத்தை எல்லாம் திரும்பப் பெறுங்கள்.