கடன் கொடுப்பதில் கெட்டி, தேர்தலில் சொதப்பல்

மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்க அலைச்சலே இல்லை, கவுன்டர் பிள்ளைகளும் தன்மையானவர்கள். சங்கத்தை நடத்தும் வாரியத்துக்கான தேர்தல்தான் நெருடல். வேட்பாளர் திவாலானவரா, கணக்குப் பார்க்கத் தெரிந்தவரா என்று சலித்துப் பார்க்க ஒரு நியமனக் குழு இருக்கிறது, அதுவரைக்கும் சரி, ஆனால் குழுவில் பாதிப்பேர் இப்போது பதவியில் இருப்பவர்கள், இந்த வருடம் 5 இடத்துக்கு 5 பெயரைத்தான் நீட்டினார்கள், அப்புறம் எதற்கு எங்களைக் கை தூக்கச் சொல்கிறார்கள்? ஆளுக்கு ஒரு ஓட்டு என்பதுதானே கூட்டுறவு, 1960இல் ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) தலைவராக இருந்த துன் சம்பந்தன் தோட்டத் தொழிலாளர்களைச் சேர்த்துத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினாரே, அவருடைய ஊர்க்காரர்கள் நாம். குழுவில் வெளி ஆட்கள் இருக்கட்டும், நிராகரித்தால் காரணத்தை எழுதிக் கொடுக்கட்டும், உறுப்பினர்கள் நேரடியாக முன்மொழியவும் வழி வேண்டும். சங்கத்துக்கு என் மதிப்பெண் 5க்கு 3. கூட்டத்தில் பசியாறலுக்குக் கொடுத்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பிரமாதம்.