ஐ-மோட்: ஜப்பானில் நாலு வருஷம், ஜெர்மனியில் ரெண்டு வருஷம்

2001-இல் வேலைக்காக ஜப்பானின் கவாசாகி நகரத்துக்குப் போனபோது வாங்கிய போன், என்இசி-யின் என்503ஐ. மடக்கு போன், கலர் திரை, நடுவே 'ஐ' என்று ஒரு பொத்தான். அதை அமுக்கினால் இணையம், அந்தச் சேவையின் பெயர்தான் ஐ-மோட். அங்கே நாலு வருஷம் ஐ-மோட் பயன்படுத்தினேன். அப்புறம் ஜெர்மனியின் டுசல்டோர்ஃபுக்கு மாற்றலாகி, அங்கேயும் ரெண்டு வருஷம் அதே ஐ-மோட். இரண்டும் ஒரே சேவை என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ஜப்பானிய மொபைல் கம்பெனி என்டிடி டோகோமோ இதை 1999 பிப்ரவரி 22 அன்று தொடங்கியது. ரெண்டே வருஷத்தில் 2 கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்கள். வேகம் நொடிக்கு 9.6 கிலோபிட்தான், இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் மணிக்கணக்கில் காசு ஓடாது. மாதச் சந்தா 300 யென், அதற்குமேல் 128 பைட் கொண்ட ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் 0.3 யென். சின்ன மெயில் சில யென்னிலேயே முடிந்துவிடும்.

என் நாள் நம்பு லைன் ரயிலில்தான் தொடங்கும். ஜப்பானிய ரயிலில் போனில் பேசுவது மரியாதையில்லை. பெட்டி முழுக்கக் கட்டை விரல்கள்தான் பேசிக்கொண்டிருக்கும். சென்னையில் தம்பி பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து அனுப்பும் மெயில், ரயிலில் என் சட்டைப்பையில் வந்து விழும். 2001-இல் இது எனக்கு மாயாஜாலம். ஜப்பானியருக்கோ வேறு வழியே இல்லை: அங்கே ஒரு கம்பெனி போனிலிருந்து இன்னொரு கம்பெனி போனுக்கு எஸ்எம்எஸ் போக ஆரம்பித்ததே 2011-இல்தான். அதனால் எல்லோருக்கும் மெயில்தான். டோகோமோவில் வேலை பார்த்த ஷிகெதகா குரிதா ஐ-மோடுக்காக வரைந்த 176 எமோஜிகள், ஒவ்வொன்றும் 12-க்கு 12 புள்ளி. என் அரைகுறை ஜப்பானிய மொழியை எத்தனையோ முறை அவைதான் காப்பாற்றின.

இன்னொரு சங்கதி, பணம். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, எங்கே மாறவேண்டும் என்று சொல்லும் தளத்துக்கு மாதம் 300 யென்னுக்குள் ஒரு கட்டணம். அது போன் பில்லோடு சேர்ந்து வரும். டோகோமோ 9 சதவீதம் எடுத்துக்கொண்டு மீதியைத் தளக்காரருக்குக் கொடுத்துவிடும். நன்றாகச் செய்தால் காசு வரும் என்று தெரிந்ததால் நன்றாகவே செய்தார்கள். போன்களும் டோகோமோ கேட்டபடிதான் வரும். மாடல் எண்ணில் தயாரிப்பாளருக்கு ஓர் எழுத்துதான் இடம்: 'என்' என்றால் என்இசி, 'பி' என்றால் பானசோனிக்.

குறை இல்லாமலா? படங்கள், ஜாவா விளையாட்டு எல்லாம் வந்தபின் பாக்கெட்டுகள் கண்டபடி எகிறின. பில்லைப் பார்த்து மயங்குவதற்கு 'பாகெ-ஷி', அதாவது பாக்கெட் சாவு என்று பெயரே வந்துவிட்டது. 2004 ஜூனில் ஃபோமா என்ற டோகோமோவின் 3ஜி சேவை வாடிக்கையாளர்களுக்கு மாதம் 3,900 யென்னில் அளவில்லாத் திட்டம் வந்தது.

2005-இல் டுசல்டோர்ஃப். ஐ-மோட் அங்கே 2002 மார்ச்சிலேயே வந்திருந்தது. சேவை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எனக்குத்தான் அதில் வேலையில்லை. ஆபீஸில் எல்லோரும் வருஷக்கணக்காக எஸ்எம்எஸ் அனுப்பிப் பழகியவர்கள், எந்த நெட்வொர்க்குக்கும் போகும். நான் அனுப்பிய எமோஜி அவர்கள் திரையில் வெறும் கட்டமாகத் தெரிந்தது. டீமில் பாதிப் பேர் காரில் வந்தார்கள், ஸ்டீயரிங் பிடித்த கையில் ஏது கட்டை விரல்? வீட்டில் கம்ப்யூட்டரும் டிஎஸ்எல் இணைப்பும் இருந்தன. போன் வாங்கப் போனவர் முதலில் கேட்டது நோக்கியாவை, நெட்வொர்க் அப்புறம்தான். தொடக்கத்தில் ஐ-மோட் போன் என்று அங்கே கிடைத்ததோ என்இசி, தோஷிபா. வாரத்துக்கு ரெண்டு தடவை வானிலை பார்த்தேன், அவ்வளவுதான். ஜப்பானில் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன், ஜெர்மனியில் நாலு.

பொத்தானைக் கப்பலேற்றி அனுப்பிவிடலாம். எஸ்எம்எஸ் போகாத ஊரையும் நெரிசல் ரயிலையும் எப்படி அனுப்புவது? ஐ-மோடை வெளிநாட்டில் பரப்ப டோகோமோ அங்கத்திய போன் கம்பெனிகளின் பங்குகளையும் வாங்கிப் பார்த்தது: டச்சு கேபிஎன் மொபைலில் 15 சதவீதம், அமெரிக்காவின் ஏடி அண்ட் டி வயர்லெஸில் 16 சதவீதம். பிந்தையதற்கு மட்டும் 980 கோடி டாலர். சிறுபங்கு வைத்திருப்பவர் சொல்லி போன் டிசைன் மாறுமா? பிரிட்டனில் ஓ2 2005 அக்டோபரில் ஐ-மோடைத் தொடங்கி, 2007 ஜூலையிலேயே நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஜப்பானிலோ 2019 செப்டம்பர் வரை புதிதாகச் சேர முடிந்தது. 2026 மார்ச் 31 கடைசி நாள் என்று குறித்தார்கள்.

2007-இல் சென்னை திரும்பினேன். 2009-இல் டாடா டோகோமோ வந்தபோது பழைய பாசத்தில் ஒரு சிம் வாங்கினேன். 'ஐ' பொத்தான் இல்லை. நொடிக்கு ஒரு பைசா என்று விளம்பரம். 65 நொடி பேசினால் ரெண்டு நிமிஷக் காசு கொடுத்துப் பழகிய ஊரில் 65 பைசா. சில மாதங்களில் மற்ற கம்பெனிகளும் நொடிக் கணக்குக்கு வந்துவிட்டன. அந்தச் சில்லறைக் கணக்கைப் பார்த்ததும் 0.3 யென் பாக்கெட்தான் எனக்கு நினைவுக்கு வந்தது.